புதுப்பிப்பு: ஜெபத்துக்குப் பதிலே இல்லை என்று கேட்டிருந்தேன்

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. பட்டம் முடித்து 3 வருடம், வேலை இல்லை, ஜெபமெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகிறது என்று கேட்டிருந்தேன்.

நியமனம் இன்னும் வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிலர் உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தீர்கள், அது எனக்குச் சரிவரவில்லை. 4ஆம் நாளே காஸ்ட்ரிக் வந்து படுத்துவிட்டேன். உதவியது பதில் எழுதின அம்பாறை அக்கா சொன்னதுதான்: வேதத்தில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி. மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' என்று 4 தரம் கேட்கிறார் தாவீது. கடவுளிடம் இப்படி முறையிடலாமா என்று முதலில் பயமாக இருந்தது. 88ஆம் சங்கீதம் அதைவிடக் கடுமை, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் விட்டு வைத்திருக்கிறார்களே!

எதிர்பாராதது ஒன்று. கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியில் வாசித்துக்கொண்டிருந்தேன். இறால் உடைத்துக்கொண்டிருந்த அம்மா கை நிறுத்தாமல் சொன்னா: "சுனாமிக்குப் பிறகு ஒரு வருசம் நான் ஜெபிக்கவே இல்ல புள்ள. கோயிலுக்குப் போய் சும்மா இருந்திட்டு வருவன்." 2004இல் எனக்கு 5 வயது. இவ்வளவு காலமும் அம்மா இதைச் சொன்னதே இல்லை.

இப்போது இரவில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம். சில நாள் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.