தோட்டத்து வாசலைத் தாண்டினால் நடுங்கும் பெண் குதிரை: எப்படிப் பழக்குவது?

தடப்பள்ளி விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினோம். மார்வாரிக் கலப்பு, செவலை நிறம், காது இரண்டும் உள்ளே வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். ஏழெட்டு வயது என்றும், கல்யாண ஊர்வலத்துக்குப் போன குதிரை, மேளத்துக்கு ஆடும் என்றும் விற்றவர் சொன்னார். பவளம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தோட்டத்துக்குள் என் மகள்கூடப் பிடித்து நடத்துவாள். வாசலைத் தாண்டி வாழைத்தோப்பு தொடங்கும் இடம் வந்தால் வேறு குதிரை. கழுத்து விறைக்கிறது, மூக்கு விடைக்கிறது, முன்னங்கால் நடுங்குகிறது. அடுத்த நொடி அப்படியே சுழன்று வீட்டைப் பார்த்து இழுக்கிறது. வேலியில் கட்டிய உரச்சாக்கு காற்றில் படபடத்தால் போதும். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தாலும் இதே கதைதான். தூரத்தில் கோயில் மேளம் கேட்டால் லாயத்திலேயே வேர்த்துவிடுகிறது. ஆனால் மாடு, நாய், எதிரே வரும் டிராக்டர் எதற்கும் பயம் இல்லை.

இன்னும் மேலே ஏறி வெளியே போகவில்லை. கையில் பிடித்து வாய்க்கால் கரை வரை நடத்தினாலே இப்போதைக்குப் போதும். மிரளும்போது இழுத்துப் பிடித்து நிறுத்துவதா, திருப்பிக்கொண்டு வந்துவிடுவதா? அடுத்த ஆடிக்கு விற்றுவிடு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் இல்லை.

கரூர் சவாரிக்காரர்:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். நல்ல வேப்பமரமாகப் பார்த்துக் குட்டைக் கயிற்றில் கட்டிவிட்டுச் சுற்றிலும் உரச்சாக்குகளைத் தொங்கவிடுங்கள். அரை நாள் குதிக்கும், வேர்க்கும், பிறகு தானாக நின்றுவிடும். எங்கள் அப்பா காலத்தில் வண்டிக் குதிரைகளை இப்படித்தான் பழக்கினார்கள்.

லாயத்து அக்கா, கோவை:

கரூர் அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஓட வழியில்லை என்று தெரிந்ததும் குதிரை அசையாமல் நிற்கும். அது பழகி நிற்கவில்லை, கைவிட்டு நிற்கிறது. கண் நிலைகுத்தும், தாடை இறுகும், தொட்டால் தோல் சிலிர்க்காது. அதையே அடக்கம் என்று நம்பி வெளியே கொண்டுபோனால், தாங்க முடியாத ஒரு தருணத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் பாயும். மரத்தில் குட்டையாகக் கட்டிய குதிரை பின்னால் இழுத்துக் கழுத்தையும் முதுகையும் கெடுத்துக்கொள்வதும் உண்டு.

கயிற்றைத் தொடும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர்:

ஆட்டக் குதிரை என்றதும் எனக்கு முதல் சந்தேகம் வாய்தான். முள் வைத்த கடிவாளத்தை விலங்குவதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன, ஆனாலும் பழைய கடிவாளங்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உதட்டோரத்தையும் நாக்கின் மேற்புறத்தையும், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் பல் இல்லாத ஈறையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்த தழும்போ மேடோ இருந்தால் வாயில் இரும்பு வைப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கடைவாய்ப்பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், அதை ராவிவிட வேண்டும். கண்ணில் அடிக்கடி நீர் வடிவது, வெயிலில் கண்ணை இடுக்குவது, கருவிழியில் புகைபோல் படர்வது இருந்தால் பார்வைக் கோளாறாக இருக்கலாம். ஒரே பக்கமாக மிரளும் குதிரையில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு வயிறு. தீனி இல்லாத நேரத்திலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் கட்டிவைத்தால் புண் வரும். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால் அதுவும் ஓர் அறிகுறி.

என்ன தீனி, எவ்வளவு, எத்தனை மணி நேரம் அவிழ்த்து விடுகிறீர்கள்? டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? குதிரையை அந்த நோய் எளிதில் பிடிக்கும், வந்தால் காப்பாற்றுவது கடினம். உள்ளூரில் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

தடப்பள்ளி விவசாயி:

ஐயா, மிக்க நன்றி. மருத்துவரை வரவழைத்துப் பார்த்துவிட்டோம். இடது உதட்டோரத்தில் பழைய தழும்பு, நாக்கின் குறுக்கே ஒரு கோடு. கடைவாய்ப்பல் கூராக இருந்ததை ராவிவிட்டார். கண் நன்றாக இருக்கிறது என்றார். ஊசியும் போட்டாயிற்று.

தீனி காலையும் மாலையும் ஒரு படி கொள்ளு, கூடவே தவிடு, இரவில் வைக்கோல். வேலி சரியில்லாததால் பெரும்பாலும் கட்டித்தான் வைத்திருக்கிறோம். கொள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்நேரமும் மெல்லுவதற்குப் புல்லும் வைக்கோலும் இருக்கும்படி செய்யச் சொன்னார். தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும் என்று எச்சரித்தார். தென்னந்தோப்பில் ஒரு பகுதிக்கு வேலி போட ஆள் வந்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வாழைத்தோப்பை நெருங்கும்போது அது மிரளும் முன்பே என் கை கயிற்றை இறுக்கிவிடுகிறது. இதுவும் அதற்குத் தெரியுமா?

லாயத்து அக்கா, கோவை:

தெரியும். ஸ்வீடனில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், கட்டுரை 2009இல் வந்தது. குதிரையை ஒரே பாதையில் சிலமுறை நடத்தச் சொல்லி, கடைசி முறை போகும்போது குடை ஒன்று விரியும் என்று நடத்துபவரிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் நடத்தியவரின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது. ஆகவே வாழைத்தோப்புப் பக்கம் போகும் முன் உங்கள் கைக்கும் மூச்சுக்கும் பயிற்சி வேண்டும்.

கடிவாளம் வேண்டாம். மெத்தென்ற தலைக்கயிறும் பத்துப் பன்னிரண்டு அடி நீளப் பருத்திக் கயிறும் போதும். கையுறை போடுங்கள், மூடிய செருப்பு போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை கிடையாது. தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். பாய்ந்தாலும் உங்கள்மேல் பாயும் ஆபத்து குறைவு.

தென்னந்தோப்புக்குள், அது நிம்மதியாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். முதல் பாடம் தலையைத் தாழ்த்துவது. கயிற்றைத் தாடைக்குக் கீழே பிடித்து, இரண்டு விரலின் கனம் மட்டும் கீழ்நோக்கிக் கொடுங்கள். இழுக்காதீர்கள், காத்திருங்கள். தலை அரை அங்குலம் இறங்கினாலும் அந்த நொடியே விட்டுவிடுங்கள். கயிறு தளரும் நொடியில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொண்டிருக்கும். நாலு நாளில் விரல் பட்டதும் தலை முழங்கால் உயரத்துக்கு வரும். பிறகு இதே முறையில் ஓர் அடி பின்னால் போவது, பின்பக்கத்தை நகர்த்துவது, நீங்கள் நின்றால் நிற்பது. மிரளும்போது பலத்தில் நாம் ஜெயிக்க முடியாது. காலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு ஒரு மொழி வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

சரியாகச் செய்தபோதெல்லாம் பிடரி முடியும் முதுகும் சேரும் திமிலில் நகத்தால் நன்றாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அதுதான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இலேயே ஓர் ஆய்வு காட்டியது. தட்டிக் கொடுப்பதைவிட இதுவே மேல்.

உரச்சாக்கு இதற்கெல்லாம் பிறகு. சாக்கைக் குதிரையிடம் கொண்டுபோகாதீர்கள். மகளோ வேறு யாரோ சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கட்டும், நீங்கள் பவளத்துடன் தூரத்தில் பின்தொடருங்கள். துரத்தி வரும் பொருளைக் கண்டு ஓடும் பிராணி, தன்னைக் கண்டு விலகிப்போகும் பொருளை மோந்துபார்க்க வரும். அதுவாக மூக்கை நீட்டும்வரை யாரும் அவசரப்படக் கூடாது. மூக்கை நீட்டியதும் சாக்கை விலக்கிவிடுங்கள். இந்த 'விலக்குவது' மிக முக்கியம்.

கரூர் சவாரிக்காரர்:

அக்கா சொல்வதைப் படித்தேன், நியாயம் இருக்கிறது. மரத்தில் கட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வெளியே நடத்தும்போது அது பயந்தவுடன் வீட்டுக்குத் திருப்பினால், மிரண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று கற்றுக்கொள்ளாதா? இதில் பல குதிரைகள் கெட்டுப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லாயத்து அக்கா, கோவை:

இந்த இழையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான் அண்ணா. நீங்கள் சொல்வது உண்மை, சுழன்று இழுத்த பிறகு திருப்பினால் சுழல்வதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். அதனால் அது கேட்கும் முன்பே நாம் திருப்ப வேண்டும், அமைதியாக இருக்கும்போதே.

பவளம் வாழைத்தோப்பு முனையில் வெடிக்கிறது என்றால் நாற்பது அடி முன்னாலேயே ஏதோ தொடங்கியிருக்கும். மெல்லுவது நிற்கும். காது இரண்டும் ஒரே திசையில் குத்திட்டு நிற்கும். மூச்சை அடக்கும். கண்ணுக்கு மேலே சுருக்கம் விழும். கையிலிருக்கும் அறுகம்புல்லை நீட்டினால் வாங்காது. இந்த அறிகுறிகள் தொடங்கும் இடத்தை ஒரு கோடாக வைத்து, அதற்கு இரண்டடி இப்பால் நில்லுங்கள். தலையைத் தாழ்த்தச் சொல்லுங்கள், தாழ்த்தினால் சொறிந்து கொடுங்கள். உடனே நீங்களாகத் திரும்பி ஐந்தாறு அடி நடந்து, மறுபடியும் முன்னால் வாருங்கள். ஒரு நடையில் இப்படி முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை போகலாம். கோடு தானாகத் தள்ளிப் போகும். ஒருநாள் மூன்றடிதான் நகர்ந்தது என்றாலும் அமைதியாக முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

மீறி வெடித்துவிட்டால்? இழுத்து நிறுத்தாதீர்கள். பின்பக்கத்தை நகர்த்திச் சிறு வட்டமாக நடக்கவிட்டு, கால் அடங்கியதும் நின்று, மூச்சு வந்த பிறகே வீட்டுப் பக்கம் நடங்கள். கோபப்பட்டு அடித்தால் சாக்கு பயங்கரமானதுதான் என்று நீங்களே உறுதி செய்ததாகிவிடும்.

போகும்போது இடப்பக்கம் இருந்த சாக்கு, திரும்பும்போது வலப்பக்கம் வேறு கோணத்தில் தெரியும். பல குதிரைகளுக்கு அது புதுப் பொருள். இரண்டு திசையிலும் பழக்க வேண்டும்.

உடுமலை மணியம்:

என்னிடம் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் யாரிடமாவது நிதானமான கிழட்டுக் குதிரையோ மட்டக் குதிரையோ இருந்தால் அதை முன்னால் நடக்கவிட்டுப் பவளத்தைப் பின்னால் கொண்டுபோங்கள். டென்மார்க்கில் இதை முறையாகச் சோதித்தார்கள்: பழகிய குதிரையுடன் சேர்த்துப் பயமூட்டும் பொருளைக் காட்டப்பட்ட இளங்குதிரைகள், பிறகு தனியாகப் பார்த்தபோதும் குறைவாகவே பயந்தன. துணை இல்லையென்றால் உங்கள் வீட்டு மாட்டையே கூட்டிப் போகலாம். மாட்டுக்குத்தான் அது பயப்படுவதில்லையே.

மேளத்துக்கு: கைப்பேசியில் பதிவு செய்து, அது தீனி தின்னும் நேரத்தில் காதில் விழுந்தும் விழாததுமான சத்தத்தில் ஓடவிடுங்கள். தின்பதை நிறுத்தினால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். மாதக் கணக்கில் ஆகும். ஊர்வலத்தில் மேளமும் வாய் வலியும் ஒன்றாக வந்த குதிரை இது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த முடிச்சு சாக்கைவிட ஆழமானது, அவசரப்படாதீர்கள்.

தடப்பள்ளி விவசாயி:

கொஞ்ச நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். அறுவடை நேரம்.

வேலி போட்டுவிட்டோம், பகலெல்லாம் அவிழ்த்தே இருக்கிறது. கொள்ளு பாதியாகிவிட்டது. தென்னைக்கடியில் மண்ணில் புரண்டுவிட்டு எழுந்து உதறுகிறது. இவ்வளவு நாள் புரண்டு நான் பார்த்ததே இல்லை.

சாக்கை என் மகள் இழுத்துக்கொண்டு நடந்தாள். முதலில் தூரத்தில் நின்று சீறியது. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு, பின்னங்காலை எந்நேரமும் ஓடுவதற்குத் தயாராக ஊன்றிக்கொண்டு, மேலுதட்டால் சாக்கின் ஓரத்தைத் தொட்டது. மகள் உடனே விலக்கிவிட்டாள். பவளம் இரண்டடி அதைத் தேடிக்கொண்டு போனது. இப்போது சாக்கை முதுகில் போட்டாலும் நிற்கிறது.

வாழைத்தோப்பைத் தாண்டிவிட்டோம். மதகு வரை போய் வருகிறோம், விடிந்ததும் போனால் வண்டி நடமாட்டம் இருக்காது. நேற்று வாய்க்காலுக்குள் கிடந்த எருமை திடீரென்று எழுந்தது. பவளம் நாலு காலையும் பரப்பி அப்படியே நின்றது, ஆனால் சுழலவில்லை. விரல் பட்டதும் தலையைத் தாழ்த்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் புல் மேயவிட்டு நடத்திக்கொண்டு வந்தேன்.

பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் மட்டும் இன்னும் பயம். இன்னொன்று: சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பி. ஊர்வலத்துக்கு முன்னால் பவளத்தை நடத்தலாம் என்று மைத்துனர் ஆசைப்படுகிறார். அதோடு, எப்போது மேலே ஏறலாம்?

லாயத்து அக்கா, கோவை:

படித்ததும் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கும் சாக்கின் முறையேதான். தெரிந்தவரை வண்டியைத் தோட்டத்துக்குள் மெதுவாக ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் நடங்கள். பிறகு பக்கவாட்டில், கடைசியாகத்தான் பின்னாலிருந்து. ஹாரன் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோன்பிக்கு வேண்டாம். இந்த வருடம் கண்டிப்பாக வேண்டாம். மைத்துனர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. மேளமும் வெடியும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் இத்தனை மாத உழைப்பு ஒரு மாலையில் போய்விடும், குழந்தைகள் நடுவில் குதிரை பாய்ந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. அன்று தோப்பின் கடைசி மூலையில், மாட்டுடன், நிறைய வைக்கோல் போட்டு விட்டுவிடுங்கள், யாராவது ஒருவர் அருகில் இருக்கட்டும்.

ஏறுவதற்கு முன் சேணத்தை மட்டும் கட்டி இதே மதகு வரை கையில் நடத்துங்கள். அது வழக்கமான பிறகு தோட்டத்துக்குள் ஹெல்மெட் போட்டு ஏறுங்கள், ஒருவர் கீழே கயிற்றைப் பிடித்து நடக்கட்டும். வாய் தழும்பு இருப்பதால் இரும்பு இல்லாத மூக்குப்பட்டைக் கடிவாளமே நல்லது. சேணம் கட்டிய பிறகு பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், வயிற்றுப்பட்டை குதிரையின் முழங்கைக்கு எவ்வளவு தள்ளி அமர்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.