தாக்குதல் பூஜ்யம், தற்காப்பு 2900: வகுப்புத் தலைவன் தொதொரோகியைச் சந்தித்த கதை

எட்டாம் வகுப்பில் நான்தான் கிளாஸ் லீடர். ஆசிரியர் வராத பீரியடில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது என் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சாக்பீஸ் கையில் இருக்கும்வரை எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். மணி அடித்து மைதானத்துக்குப் போனால் எந்த அணியிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் யூகியோ ஸெயால் என்ற, அட்டைச் சண்டை விளையாட்டைப் பற்றிய அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜப்பானில் 2011 ஏப்ரலில் தொடங்கி 2014 மார்ச்சில் முடிந்த தொடர் அது. நான் பார்க்கும்போது முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. நாயகன் யூமா, 'கத்தோபிங்கு' என்று கத்திக்கொண்டு எதிலும் குதிக்கிறவன். எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கும். எனக்கு அவன் வகுப்பில் இருந்த கண்ணாடிக்காரனைப் பிடித்தது. பெயர் தொதொரோகி தகாஷி. நண்பர்களுக்கு அவன் 'இன்ச்சோ', அதாவது வகுப்புத் தலைவன். ஆங்கில டப்பிங்கில் காஸ்வெல் என்று மாற்றியிருந்தார்கள்.

அந்தக் கதையில் 'நம்பர்ஸ்' என்ற அட்டைகள் உண்டு. யார் கையில் கிடைக்கிறதோ அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஆசையைப் பிடித்துக்கொண்டு அதை ஊதிப் பெரிதாக்கிவிடும். தொதொரோகியிடம் வந்து சேர்ந்தது 34-ஆம் எண், டெரா பைட். அது அவனைப் பிடித்துக்கொண்டதும் ஒழுங்கின்மேல் அவனுக்கு இருந்த பற்று எல்லை மீறிப் போகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. போர்டில் பெயர் எழுதும்போது உள்ளே ஒரு சுகம் இருக்குமே, அது எனக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்து அந்த அட்டையை நிஜத்தில் கையில் வாங்கிப் பார்த்தேன். தாக்குதல் 0, தற்காப்பு 2900. லெவல் 3 (லெவல் என்பது அட்டையில் போட்டிருக்கும் படிநிலை எண்) மிருக அட்டைகள் மூன்றை அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டும். அடியில் இருக்கும் அட்டையில் ஒன்றைக் கழற்றினால், எதிராளியிடம் தாக்கும் நிலையில் நிற்கிற, லெவல் 4 அல்லது அதற்குக் கீழான மிருகம் ஒன்று அந்த டர்ன் முடியும்வரை நம் பக்கம் வந்து நிற்கும். கடையிலேயே நின்று இரண்டு மூன்று தடவை படித்தேன். தானாக ஒருவரையும் அடிக்கத் தெரியாது. சுவர் மாதிரி நிற்கும், அடுத்தவனை ஏவி வேலை வாங்கும், அதுவும் சின்னவர்களை மட்டும். ஒரு கிளாஸ் லீடரை இவ்வளவு சரியாக யாராவது எழுத முடியுமா? அந்த அட்டையை வடிவமைத்தவர்கள் அவனை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒரு சின்னக் கடைப் போட்டி. எனக்கு எதிரே பன்னிரண்டு வயதுப் பையன். அவன் பக்கம் 39-ஆம் எண், ஹோப். நான் டெரா பைட்டை இறக்கி, அடியில் இருந்த ஒன்றைக் கழற்றி, "ஹோப்பை எடுத்துக்கிறேன்" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணா, ஹோப்புக்கு லெவல் கிடையாது, ராங்க்தான் இருக்கு." ஹோப், டெரா பைட் போல மற்ற அட்டைகளை அடுக்கி மேலே வைக்கிற எக்ஸீஸ் மிருகங்களுக்கு லெவலே இல்லை, அதனால் 'லெவல் 4 அல்லது அதற்குக் கீழ்' என்ற வரி அவற்றைத் தொடாது. நடுவர் வந்து பார்த்து, கழற்றிய அட்டையைத் திரும்ப அடியில் வைக்கச் சொன்னார். கோபமே வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன் இன்ச்சோவேதான் என்று தோன்றியது, நம்பர்ஸ் அட்டையின் பிடியில் சிக்காத இன்ச்சோ. ஹோப்பின் 2500 தாக்குதல் என் சுவரை உடைக்க முடியாமல் மூன்று டர்ன் நின்றது. பிறகு அவன் ஹோப்பின்மேல் அதன் உயர்ந்த வடிவமான லைட்னிங் அட்டையை ஏற்றி, 5000-க்குக் கொண்டுபோய் இடித்துவிட்டான். கை கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களில் யாராவது அவனைச் 'சந்தித்தது' உண்டா?

*

உங்கள் கேள்விக்கு என் பதில்: எங்கள் ஊர் கடலோரம், அதனால் நான் தொதொரோகியைச் சந்தித்தது மீன் வழியாக. தொதொரோகி வாயைத் திறந்தாலே 'தோதோ நோ த்ஸுமாரி' என்பான். கடைசியில் பார்த்தால், முடிவாகச் சொன்னால் என்று பொருள். தொதொரோகி என்ற பெயரோடு ஒலி ஒத்துப்போவதால் வைத்தது என்று மட்டும் நினைத்திருந்தேன். ஜப்பானிய வகுப்பில் சேர்ந்த பிறகு ஆசிரியை விளக்கினார். அங்கே மடவை மீனுக்கு வளர வளரப் பெயர் மாறும்: ஒபோகோ, சுபாஷிரி, இனா, போரா. கடைசிப் பெயர் தோதோ. அதற்குமேல் வளர்ச்சியும் இல்லை, பெயரும் இல்லை. அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அன்று வீட்டில் மடவைக் குழம்பு. அம்மாவிடம் இதைச் சொன்னதும், "நம்ம ஊர்லயும் குட்டிக்கு ஒரு பேரு, பெருசுக்கு ஒரு பேருன்னு மீனு இருக்கே" என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு அந்த வசனம் வரும்போதெல்லாம் வீடியோவை நிறுத்தி ஒருமுறை திரும்பக் கேட்பேன்.

*

முதலில் பகிர்ந்த அண்ணாவுக்கு: நம்பர் வந்த பகுதியைவிட அதற்குப் பிந்தைய தொதொரோகியைத்தான் எனக்குப் பிடிக்கும். அட்டையின் பிடி விட்ட பிறகு அவன் வெட்கப்பட்டு ஒதுங்கிப் போகவில்லை. கொதோரி, தெத்சுவோ, தொகுனோசுகே, கேத்தி எல்லோருடனும் சேர்ந்து நம்பர்ஸ் கிளப் என்ற, யூமாவின் நண்பர்கள் குழுவில் இருக்கிறான். தொடரின் இரண்டு பாகமும் சேர்த்து 146 எபிசோட். பெரும்பாலும் ஓரத்தில் நின்று, கண்ணில் ஆட்டத்தைப் பார்க்கும் கருவியான டி-கேஸரை மாட்டிக்கொண்டு, யூமா விளையாடுவதைப் பார்த்து நிலவரம் சொல்வான். மூன்றாம் பாராவில் நீங்கள் சொன்ன அந்தச் சுகம் அவனுக்கும் இருந்ததுதான். ஆனால் இன்ச்சோ என்ற பெயரை அவன் விடவும் இல்லை, நண்பர்கள் கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

நான் இப்போது ஜூனியர்களுக்கு விளையாடக் கற்றுத் தருகிறேன். அனிமேயில் உயிர்ப்புள்ளி 4000, மேசையில் 8000 என்பதிலேயே முதல் நாள் சண்டை வரும். சீட்டுக்கட்டு 40-க்குக் குறையக்கூடாது, ஒரே அட்டை மூன்றுக்குமேல் கூடாது, கலைத்ததும் எதிராளியிடம் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று ஒரு பொண்ணு கேட்டாள். "நீ தோத்தா கட்டைத் தப்பாக் கலைச்சுட்டான்னு தோணக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றேன். சரி என்று அவள் தன் கட்டை எடுத்து எனக்கு எதிரே வைத்தாள். நான் வெட்டிக் கொடுத்தேன்.