சிகாகோ, 1974 ஜனவரி 22, காலை 7.35: லக்னம் தனுசா, மகரமா?

வைகைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஜாதகத்தை நம்பலாமா கூடாதா என்ற சண்டையை தயவுசெய்து இங்கே ஆரம்பிக்க வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு கடிகாரக் கணக்கு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பிறந்தது சிகாகோவில். 1974 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. பிறப்புச் சான்றிதழில் காலை 7.35 என்று இருக்கிறது. மாமனார் அங்கே படித்துக்கொண்டிருந்த சமயம். மதுரையில் இருந்த அவருடைய அப்பா கைப்பட எழுதிய ஜாதக நோட்டு போன வாரம்தான் பரணில் இருந்து கிடைத்தது. செல்லரித்தது போக மிச்சமிருப்பதில் "திங்கட்கிழமை, உதயாதி நாழிகை 58 சொச்சம், தனுர் லக்னம்" என்று படிக்க முடிகிறது. (உதயாதி நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்கு.)

செயலியில் அதே தேதி, நேரம், ஊரைப் போட்டேன். டேலைட் சேவிங், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கோடை நேரம், உண்டா என்று கேட்டது. ஜனவரிதானே என்று இல்லை போட்டேன். மகர லக்னம், செவ்வாய்க்கிழமை என்று வருகிறது. எங்கள் ஜோசியரும் "பெரியவர் ஏதோ ஞாபகத்தில் ஒரு மணி நேரத்தைக் கழிச்சுட்டார். கோடைக்குத்தான் அமெரிக்காவில் மணியைத் தள்ளி வைப்பாங்க, தை மாசத்தில் ஏதும்மா கோடை?" என்கிறார்.

தாத்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வரவு செலவில் அஞ்சு பைசா இடித்தால் சாப்பாடு இறங்காத மனுஷன் என்று மாமியார் சொல்கிறார். அவர் போய் ஒரு மணி நேரத்தைக் கோட்டை விடுவாரா?

டிக்அடி:

ஜோசியர் சொல்வதுதான் சரி சகோதரி. அந்தக் காலத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும்தான் கோடை நேரம். ஜனவரிக்கு டிக் போடாதீர்கள். இழையை மூடிவிடலாம்.

நாழிகைவட்டில்:

மூட வேண்டாம் தம்பி. தாத்தா கணக்கு சரி.

அம்மா, நான் 1972-இல் ஒஹாயோ வந்தவன். ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை, முப்பத்தொரு வருஷம். கடிகாரத்தை அரசாங்கம் தொடும்போதெல்லாம் முதலில் தூக்கம் போவது எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான். அதனால் இந்தச் சட்டங்களைப் பக்தியோடு படித்து வைத்திருக்கிறேன்.

தம்பி சொன்ன ஏப்ரல்-அக்டோபர் கணக்கு 1966-ஆம் வருஷச் சட்டத்தில் உள்ளது. நடைமுறைக்கு வந்தது 1967-இல். ஆனால் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று குளிர்காலத்திலும் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்க ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். 1974 ஜனவரி 6, ஞாயிறு அதிகாலை இரண்டு மணி மூன்றானது. 1975 ஏப்ரல் வரை அப்படியே ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

ஆக, உங்கள் வீட்டுக்காரர் பிறந்தபோது சிகாகோவில் கடிகாரம் 7.35, பழைய மணி 6.35. அந்த வாரம் அங்கே சூரியன் உதிப்பது பழைய மணிப்படி 7.12 வாக்கில். குழந்தை பிறந்தது சூரிய உதயத்துக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு நிமிஷம் முன்னால். நம் வழக்கப்படி உதயம் ஆகாத வரை முந்தின நாள் கிழமைதான், அதனால் திங்கள். நாழிகைக்கு 24 நிமிஷம். அறுபது நாழிகையில் ஒன்றரைச் சொச்சம் குறைத்தால் 58 சொச்சம். லக்னமும் மகரத்துக்குள் இன்னும் நுழையவில்லை, தனுசின் கடைசியில் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

அந்த ஜனவரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாங்கள் இருந்த இடத்தில் காலை 8.50 ஆகியும் சூரியனைக் காணோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் டார்ச்சோடு பனியில் நின்றார்கள். எங்கள் டிரைவர்கள் நிறுத்தம் வந்ததே தெரியாமல் பிரேக் போட்டார்கள். புளோரிடாவில் இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வண்டி மோதிச் செத்தார்கள். அந்த மாநில ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ, இந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அக்டோபரில், நிக்சனுக்குப் பின் வந்த அதிபர் ஃபோர்டு திருத்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த குளிர்காலத்தில் 1974 அக்டோபர் 27 முதல் 1975 பிப்ரவரி 23 வரை பழைய மணி திரும்பியது. அதாவது 1975 மார்ச் 1-இல் பிறந்த பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். அதையும் உங்கள் ஜோசியரிடம் சொல்லி வையுங்கள்.

இந்தக் குழப்பம் 1974-இல் புதிதாக வந்ததில்லை. முதல் சட்டம் 1918 மார்ச் 19-இல் வந்தது, முதல் உலகப் போர்க்காலம். ஜெர்மனி 1916 ஏப்ரலில் ஆரம்பித்தது, மூன்று வாரத்தில் பிரிட்டன், பிறகு இவர்கள். நேர மண்டலங்களை ரயில் கம்பெனிகள் 1883 முதலே சட்டம் இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தன. அந்த மண்டலங்களையும் கோடை நேரத்தையும் ஒரே சட்டத்தில் சேர்த்துக் கட்டினார்கள். போர் முடிந்ததும் விவசாயிகள் பிடித்துக்கொண்டார்கள். பால் வண்டி ரயிலைப் பிடிக்க நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, மாட்டுக்குக் கடிகாரம் தெரியாது, காலைப் பனி காயாமல் வைக்கோல் அள்ள முடியாது, ஆனால் கூலியாள் மட்டும் புது மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான் என்றார்கள். நியாயம்தான். நாடாளுமன்றம் ரத்து செய்தது. அதிபர் வில்சன் தடுத்தார். மறுபடி ரத்து செய்தது, மறுபடி தடுத்தார். 1919 ஆகஸ்டில் அவர் தடையையும் மீறி நிறைவேற்றிவிட்டார்கள். மண்டலங்கள் தங்கின, கோடை நேரம் போனது.

போனது என்றா சொன்னேன்? ஊர் ஊராகப் போனது என்று சொல்ல வேண்டும். நியூயார்க் நகரம் தனக்கென்று வைத்துக்கொண்டது. மாசசூசெட்ஸ் 1921-இல் மாநிலச் சட்டமே போட்டது. நாட்டுக்கு ஒரு மணி இருக்கும்போது மாநிலம் வேறு மணி வைக்கலாமா என்று விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926-இல் நீதிபதி ஹோம்ஸ் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பு எழுதினார். இப்போது விற்கிற ஜாதகச் செயலிகள் பாதி இந்த 1919 முதல் 1966 வரையிலான காலத்தில்தான் சறுக்கும் என்பது என் எண்ணம்.

நடுவில் இரண்டாம் போர். 1942 பிப்ரவரி 9 முதல் 1945 செப்டம்பர் 30 வரை, கோடை குளிர் பார்க்காமல் நாடு முழுக்க ஒரு மணி நேரம் முன்னால். அதற்கு ரூஸ்வெல்ட் வைத்த பெயர் வார் டைம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் மணியை மாற்றாமல் பெயரை மட்டும் பீஸ் டைம் என்று மாற்றிக் கூப்பிட்டார்களாம். ஊருக்கு ஊர் பெயர் மாற்றும் நம் ஆட்களே தேவலை.

போர் முடிந்ததும் மறுபடி ஆளுக்கொரு மணி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த கிழவர் ஒரு கதையை வாரம் தவறாமல் சொல்வார். எங்கள் ஒஹாயோவில் ஸ்டூபன்வில் என்று ஓர் ஊர். அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மௌண்ட்ஸ்வில்லுக்கு 35 மைல். அந்த ஒரு பஸ் பயணத்தில் கைக்கடிகாரத்தை ஏழு தடவை மாற்ற வேண்டும். அவர் அதைப் பெருமையாகச் சொல்வாரா, வயிற்றெரிச்சலில் சொல்வாரா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. 1965-இல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மினியாபொலிஸ், அந்தப் பக்கம் செயின்ட் பால், நடுவில் இரண்டு வாரம் ஒரு மணி நேரம் வித்தியாசம். இதையெல்லாம் பார்த்துத்தான் 1966 ஏப்ரல் 13-இல் ஜான்சன் ஒரே சீர்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களுக்கு வழி இரண்டு. எல்லாரோடும் சேர்ந்து மாற்றலாம், அல்லது மாற்றாமல் பழைய மணியிலேயே இருக்கலாம். வருஷம் முழுக்கக் கோடை மணியில் இருக்க ஆசைப்பட்டால் சட்டம் விடாது.

ஆகவே ஜோசியருக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கப் பிறப்பு என்றால் மாசத்தைப் பார்க்காதீர்கள், அந்தத் தேதியில் அந்த ஊரில் எந்தச் சட்டம் இருந்தது என்று பாருங்கள். அரிசோனா 1968 முதல் மாற்றுவதே இல்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ மக்கள் பகுதியில் மாற்றுவார்கள், நவஹோவுக்குள் இருக்கும் ஹோப்பி பகுதியில் மாற்ற மாட்டார்கள். இந்தியானாவில் 2006-க்கு முன் பிறந்தவர்களுக்கு மாவட்டம் கேட்காமல் கட்டம் போடவே கூடாது.

தேரடித்தெரு:

அண்ணாச்சி, வார் டைம் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அம்மா திருவல்லிக்கேணியில் 1944-இல் பிறந்தவர். அவர் ஜாதக ஓரத்தில் பென்சிலால் "வார் டைம்" என்று இருக்கிறது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று எல்லாரும் ஊரைக் காலி பண்ணினார்களே, அது சம்பந்தப்பட்ட குறிப்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

நாழிகைவட்டில்:

குண்டு இல்லை ஐயா, மணிதான். இந்தியாவிலும் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அம்மா பிறந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். ஆனால் ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று மட்டும் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். சூரியன் எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டது இல்லை, அதிலிருந்து எண்ணின கணக்கு அப்படியே நிற்கும். பென்சில் குறிப்பு இருப்பதால், எழுதியவர் கழித்துவிட்டு எழுதினாரா, இனிமேல் கழிக்கச் சொல்கிறாரா என்பதை மட்டும் கட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு தடவை கழித்துவிட்டுக் கல்யாணப் பொருத்தம் பார்த்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வன்னிப்பக்கம்:

எங்கட இலங்கையையும் மறந்திடாதேங்கோ. போர் நேரம் 1942-இல வந்தது ஒரு பக்கம். 1996-இல மழையில்லாமல் கரண்ட் தட்டுப்பாடு வந்து, மே 25 அன்று அரசாங்கம் மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. அக்டோபரில அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே இருந்தது. புலிகள் இயக்கத்தின்ர கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை, பழைய நேரம்தான். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தைத் திருப்ப வேணும். என்ர மருமகள் 2003-இல பிறந்தவள். பிறந்த ஊரைக் கேட்டால் மட்டும் காணாது, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் எண்டும் கேக்க வேணும். ஐயா சொன்ன ஏழு தடவை பஸ்ஸை வாசிச்சு சிரிச்சன், பிறகு சிரிப்பு வரேல்லை.

ராக்கோழி:

நான் அமெரிக்காவில் நைட் டூட்டி நர்ஸ். ஜாதகம் இல்லை, சம்பளக் கேள்வி. நவம்பர் முதல் ஞாயிறுக்கு முந்தின சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 7 வரை வேலை. நடுவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதில் ஒன்றரை மணி இரண்டு தடவை வந்தது, நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரத்தை எப்படிக் குறிப்பது என்றே தெரியாமல் திண்டாடினோம். ஒன்பது மணி நேரம் நின்றேன். சீட்டில் எட்டு மணி நேரம் என்றுதான் வந்திருக்கிறது. கேட்டால் "ஷிப்ட் எட்டு மணி நேரம்தானே" என்கிறார்கள்.

நாழிகைவட்டில்:

ஒன்பது மணி நேரம் உழைத்தால் ஒன்பதுக்கும் கணக்கு எழுத வேண்டும் அம்மா. 1938-ஆம் வருஷ உழைப்புத் தரச் சட்டம் கடிகார முள்ளைப் பார்ப்பதில்லை, உழைத்த நேரத்தைத்தான் பார்க்கிறது. வாரம் நாற்பதைத் தாண்டினால் அந்த ஒரு மணி கூடுதல் கூலிக் கணக்கிலும் சேரலாம். எழுத்து மூலமாகக் கேளுங்கள். மார்ச்சில் ஏழு மணி நேரம்தான் வேலை செய்வீர்கள், அப்போது எட்டுக்குக் கொடு என்று சட்டப்படி கேட்க முடியாது, அதையும் மனசில் வையுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு என்பது 2005-ஆம் வருஷ எரிசக்திச் சட்டம், 2007 முதல் நடப்பில் இருக்கிறது. 2022 மார்ச்சில் இந்த மாற்றத்தையே ஒழித்து வருஷம் முழுக்கக் கோடை மணி வைக்கலாம் என்று செனட்டில் யாரும் எதிர்க்காமல் நிறைவேறியது. கீழ்ச்சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. 1974 ஜனவரியில் பிள்ளைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்ற யாராவது ஒருவர் அந்தச் செனட்டில் எழுந்து நின்றிருக்கலாம்.

டிக்அடி:

தப்புதான் ஐயா. 1974 கதை தெரியாது. என் பதிலை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும்.

வைகைக்காரி:

ஐயா, ரொம்ப நன்றி. செயலியில் இப்போது உண்டு என்று போட்டதும் தனுசு வந்துவிட்டது. நோட்டு இருந்த அதே டிரங்குப் பெட்டியில் மாமனார் அப்பாவுக்கு எழுதின ஏரோகிராமும் கிடைத்தது. "இங்கு இம்மாதம் முதல் மணியை ஒன்று கூட்டி வைத்துள்ளார்கள். கடியாரம் 7.35. தெருவிளக்கு எரிகிறது, இன்னும் விடியவில்லை" என்று மடிப்பு ஓரத்தில் எழுதியிருக்கிறார். தாத்தா அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டி, பெத்தவ நான் இங்கேதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். விடிஞ்சிருந்துதா இருட்டா இருந்துதான்னு என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"