ஃபேர் ஐல் தீவுக்கு ஐந்து நாள் போதுமா?

டீச்சர்_பெஸ்தாரிஜெயா (மார்ச் 3)

வணக்கம். மகள் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் மேற்படிப்பு படிக்கிறாள். வரும் செப்டம்பர் கடைசியில் அவளைப் பார்க்கப் போகிறேன். அப்படியே ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில் இருக்கும் ஃபேர் ஐலில் பறவை பார்க்க ஆசை. கையில் ஐந்து நாள்தான். "கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்கவே நாம் இரண்டு தரம்தான் போயிருக்கிறோம், குருவிக்கு அவ்வளவு தூரமா?" என்கிறார் வீட்டுக்காரர். யாராவது போயிருக்கிறீர்களா? எனக்குப் பங்கோர் ஃபெரியிலேயே தலை சுற்றும்.

ஆந்தைப்பெட்டி (மார்ச் 3)

டீச்சர், ஐந்து நாள் என்றால் போகாதீர்கள். பத்து நாள் கிடைத்தால் போங்கள். நான் நான்கு நாளுக்கென்று போய் ஒன்பது நாள் இருந்தேன்.

அபர்டீனிலிருந்து ஷெட்லாந்தின் லெர்விக் ஊருக்கு இரவுக் கப்பல் உண்டு. பக்கத்திலேயே டிங்வால் என்ற சிறு விமானத்தளம். விமானம் நம் ஊர்ப் பள்ளி வேன் அளவுதான், இருபத்தைந்து நிமிடத்தில் தீவில் இறக்கிவிடும். ஆனால் பனிமூட்டம் இறங்கினால் அசையாது. நான் புத்திசாலித்தனமாகப் படகில் போனேன். பெயர் குட் ஷெப்பர்ட், 12 பேர் ஏறலாம், இரண்டரை மணி நேரம். ஷெட்லாந்தின் தென்கோடியான சம்பரோ முனைக்குக் கீழே அட்லாண்டிக்கும் வட கடலும் மோதிக்கொள்ளும் இடம் வரும், ரூஸ்ட் என்பார்கள். பசியாறியது முழுவதையும் அங்கேயே கடலுக்குக் கொடுத்துவிட்டேன். தீவு வந்ததும் அந்தப் படகைத் தண்ணீரில் விட்டுவைக்கவில்லை, கம்பிவடம் போட்டுக் கரைமேல் இழுத்து வைத்தார்கள். விட்டால் அலை நொறுக்கிவிடுமாம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றில் புளி கரைத்தது.

தீவு ஐந்து கிலோமீட்டர் நீளம்கூடத் தேறாது. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்சுவர், ஆடு, காற்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் முகாமில் உட்கார்ந்தே இங்கே ஒரு பறவை நிலையம் அமைக்கத் திட்டம் போட்டார். விடுதலையாகி வந்து 1948இல் தொடங்கியும்விட்டார். நான் தங்கிய நிலையக் கட்டடம் 2019 மார்ச்சில் தீயில் போய்விட்டது. அதனால் தங்க இடம் உறுதியான பிறகு டிக்கெட் வாங்குங்கள்.

காற்றுதான் அங்கே முதலாளி. மேற்கிலிருந்து அடித்தால் தங்கும் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஸ்காண்டிநேவியா மேல் உயரழுத்தம் நிலைகொண்டு தென்கிழக்குக் காற்று திரும்பி, கூடவே கொஞ்சம் தூறலும் இருந்தால் போதும், வழி தவறிய சைபீரியப் பறவைகள் வந்து விழும். எனக்கு ஆறாம் நாள்தான் திரும்பியது. காலையில் கல்சுவர் இடுக்கெல்லாம் கோல்ட்கிரெஸ்ட். ஆறு கிராம்கூட இல்லாத உயிர் வட கடலைத் தாண்டி வந்து, என் கால் பக்கத்தில் பூச்சி தேடுகிறது.

மத்தியானம் ஒருவர் ஓடிவந்து "லான்சியோலேட்டட்!" என்றார். சைபீரியாவிலிருந்து வரும் ஒரு குருவியின் பெயர் அது. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். ஈரப் புல்வெளியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றோம். நான் தோட்டத்து ரப்பர் பூட்ஸோடு. நடுவில் எலிக்குஞ்சு மாதிரி ஒன்று புல்லடியில் குடுகுடுவென்று ஓடியது. பழுப்பு நிறம், தொண்டையிலும் விலாவிலும் கூர் பென்சிலால் இழுத்த மெல்லிய கோடுகள். என் இடது பூட்ஸ் முனைக்கு வந்து ஒரு விநாடி நின்றது, தலையைச் சாய்த்தது, இரண்டு பூட்ஸுக்கும் நடுவே புகுந்து பின்பக்கம் போய்விட்டது. நான் மூச்சே விடவில்லை.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாகத் தேடிய பறவையாம். "உனக்கும் முதல் தடவையா?" என்றார். என்ன சொல்வது? இது குளிர்காலத்துக்கு நம் மலேசிய லாலாங் புல்லுக்கு வருகிற கதிர்க்குருவிதானே! முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் கிராணி வேலை, எலி பிடிக்கும் ஆந்தைகள் தங்கச் செம்பனை நடுவே வைத்த பெட்டிகளை எண்ணப் போய்ப் பிடித்த பைத்தியம் இது. வாய்க்கால் ஓரப் புல்லில் 'டக்... டக்' என்று அதன் சத்தம் கேட்டிருக்கிறேன். முழுசாகப் பார்த்தது ஒரு தடவைகூட இல்லை. இங்கே ஒளிய லாலாங் இருக்கிறது. அங்கே பாவம், கணுக்கால் உயரப் புல்தான். "முதல் தடவைதான்" என்றேன். பொய் இல்லை.

லோரித்தம்பி (மார்ச் 4)

அண்ணே, நம்ம வாய்க்கால் குருவியைப் பார்க்க ஸ்காட்லாந்து போனவர் நீங்கள் ஒருத்தர்தான். இங்கே எங்கே போனால் கிடைக்கும்?

ஆந்தைப்பெட்டி (மார்ச் 4)

சிரிக்காதே தம்பி. தஞ்சோங் காராங் நெல்வயல் பக்கம், வெட்டாத புல் இருக்கிற வரப்பு. ஏப்ரலுக்குள் போ, அப்புறம் சைபீரியாவுக்குக் கிளம்பிவிடும். விடியற்காலை, மோட்டாரைத் தள்ளி நிறுத்திவிட்டு உட்கார்.

டீச்சர்_பெஸ்தாரிஜெயா (மார்ச் 6)

நன்றி அண்ணே. பத்து நாளாக மாற்றிவிட்டேன், விமானத்தில்தான் போவேன். பூட்ஸ் கதையைப் படித்துக் காட்டியதும் வீட்டுக்காரர் தானும் வருகிறேன் என்கிறார். மழைக்கு அங்கே என்ன போட்டீர்கள்?

ஆந்தைப்பெட்டி (மார்ச் 6)

சட்டையும் சிலுவாரும் தனித்தனியாக இருக்கும் மழைக்கோட்டு. குடை வேண்டாம், முதல் நாளே என் குடை நார்வே பக்கம் போய்விட்டது. பூட்ஸ் ஒரு நம்பர் பெரிசாக வாங்குங்கள், உள்ளே இரண்டு காலுறை போட வேண்டும்.

லோரித்தம்பி (மார்ச் 11)

போனேன் அண்ணே. விடியற்காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வரப்பிலேயே குந்தியிருந்தேன். 'டக்... டக்' என்று மூன்றடி தூரத்தில் கேட்டது. புல்தான் ஆடியது. கொசு மட்டும் முழுசாகப் பார்த்தேன்.