'இஸ்குளோஸ்' என்பதற்குச் சொல் வேணும், திங்களுக்கு முன்

கோண்டாவிலிலிருந்து:
வணக்கம். உயர்தர வகுப்புக்கான பைத்தன் கணினிமொழிப் பயிற்சித்தாள் திங்கள் அச்சுக்குப் போகுது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருது, 0.3க்குச் சமனோ எண்டு கேட்டால் இல்லையாம். கணினி பாவிக்கிற இருமத்தில, அதாவது 0, 1 மட்டும் உள்ள எண்முறையில, 0.1ஐ முடிவாக எழுத ஏலாது எண்டது பிள்ளையளுக்கு விளங்கீற்று. பைத்தன் 3.5இலிருந்து 'மத்' நூலகத்தில இதுக்கெண்டே 'இஸ்குளோஸ்' (isclose) எண்ட ஃபங்ஷன் இருக்கு, இரண்டு எண் கிட்டத்தட்டச் சமனோ எண்டு பாக்கும். அதில வாற ரிலேட்டிவ் டொலரன்சுக்கு, அதாவது எண்ணின்ர அளவுக்கேற்ப எவ்வளவு வித்தியாசத்தை விடலாம் எண்டதுக்கு, 'சார்புப் பொறுதி' எண்டு எழுதினன். "டீச்சர், ஃபங்ஷனும் சார்புதானே?" எண்டு ஒரு பிள்ளை கேட்டிட்டுது.

நல்லூரிலிருந்து:
பிள்ளை, இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. பிழையற்றது வழாநிலை, பிழை வழு, பிழையாயினும் ஏற்பது வழுவமைதி. 0.3 வழாநிலை. கடைசியில் தொங்கும் அந்த 4 வழு. காரணம் கருதி அதை ஏற்பது வழுவமைதி. உவப்பினால் பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது திணைவழுவாயினும் நன்னூலார் இயல்பே என்றார். டொலரன்ஸ் என்பது இதுவன்றி வேறென்ன?

யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலிருந்து:
ஐயா, சொல் வடிவுதான். ஆனா வழுவமைதிக்கு ஒரு வழாநிலை வேணும். கணினிக்குள்ள இருக்கிற 0.3உம் சரியான 0.3 இல்லை. இரண்டு வழுவை வைச்சு, கிட்டக் கிட்ட நிக்குதோ எண்டுதான் இது பாக்குது. இடம் மாத்திக் குடுத்தாலும் அதே விடை. எங்கட சனத்தின்ர சொல் 'கிட்டடி'. 'கிட்டடிச் சார்பு' எண்டு போடுங்கோ.

நல்லூரிலிருந்து:
கிட்டு என்னும் வினை பழையது, மறுக்கவில்லை. ஆனால் 'கிட்டடியில் வந்தார்' என்றால் அண்மைக்காலம் என்றும் பொருள். பாடத்தாளில் பேச்சுவழக்கு வேண்டாம்.

மானிப்பாயிலிருந்து:
இந்த ஊரிலதான் 19ஆம் நூற்றாண்டில வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சவர். படிக்கிற பிள்ளைக்கு விளங்கோணும், அதுதான் அளவுகோல். பௌதிகச் செய்முறையில 'பின்ன வழு' எண்டு எழுதுறவை. அப்ப 'பின்னப் பொறுதி' எண்டால் உடனே பிடிபடும். இரண்டில பெரிய எண்ணின்ர நூறு கோடியில ஒரு பங்கு, அதுதான் பைத்தன் தானாக எடுக்கிறது. பூச்சியத்தோட ஒப்பிட இது உதவாது, அதுக்கு எண்ணின்ர அளவைப் பாராத நிலையான 'தனிப் பொறுதி' நாங்கள்தான் குடுக்கோணும். அதையும் தாளில சேருங்கோ.

கோண்டாவிலிலிருந்து:
நன்றி. 'கிட்டடி'க்குப் பதிலா எழுத்துத்தமிழில 'அண்மைச் சார்பு', பிறகு 'பின்னப் பொறுதி', 'தனிப் பொறுதி' எண்டு அனுப்புறன். 'கிட்டடி' எண்டு வகுப்பில வாயால சொல்லுவன்.

நல்லூரிலிருந்து:
அனுப்புங்கள். இரண்டும் வழுவென்றால், இரண்டையும் ஏற்பதும் வழுவமைதியே. என் கருத்து மாறவில்லை.