தோட்டப் பள்ளியின் மேலாளர் வாரியத்தில் சேர அழைக்கிறார்கள்: அதன் பொறுப்பு என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என் மகள் இரண்டாம் ஆண்டு (இரண்டாம் வகுப்பு) படிக்கிறாள். நானும் அங்கேயே படித்தவன். பள்ளி மேலாளர் வாரியத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதால் என்னைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாக அதன் செயலாளர் சொன்னார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அங்கே விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று வேலை கண்ணெதிரே இருக்கும். வாரியம் என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வருகிறது. அது தலைமையாசிரியருக்கு மேற்பட்ட அமைப்பா, பெயரளவில் இருப்பதா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி, உங்கள் பள்ளி முழு அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பள்ளி பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அத்தகைய பள்ளியில் ஆசிரியர்களின் சம்பளமும் பாடத்திட்டமும் பணிமாற்றமும் கல்வி அமைச்சின் கையில் இருக்கின்றன. நிலமும் கட்டடமும் பள்ளியின் உடைமைகளும் வாரியத்தின் கவலை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வாரியத்தை அங்கீகரிக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ 1998ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியாக இருக்கின்றன. ஆகவே இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த ஆசிரியர் எந்த வகுப்பை எடுப்பது என்று வாரியம் சொல்ல முடியாது. என் பணிக்காலத்தில் அப்படிச் சொல்ல வந்தவர்களும் உண்டு. அதனால் பள்ளியில் மனக்கசப்புதான் மிஞ்சியது.

வேறொரு பள்ளியின் வாரியப் பொருளாளர்

ஐயா சொன்னதில் நிலத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாங்கள் அதில் பட்டிருக்கிறோம். எங்கள் தோட்டம் கைமாறியபோது பள்ளி நிலத்தின் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்று வாரியத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள், கரையான் ஓரம் அரித்த கடிதம் ஒன்று கிடைத்தது. பள்ளிக்கு இடம் ஒதுக்குவதாக முந்தைய நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு புதிய நிர்வாகத்தோடு பல மாதங்கள் பேசினோம். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் தகரக் கூரை ஒழுகும் இடங்களில் மூன்று வாளிகளை வைத்து, அவற்றுக்கு இடையே மேசைகளை நகர்த்திப் பாடம் நடத்தினார்கள். கூரையை மாற்றப் பணம் கையில் இருந்தும், நிலத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் எங்களால் வேலையைத் தொடங்க முடியவில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற 1950களின் கடைசியிலிருந்தே நம் மக்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம். 1960இல் அப்போதைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான்.

அதே வட்டார ஆசிரியை ஒருவர்

வாரியம் வகுப்பறைக்குள் தலையிடக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை வாரியத்தின் காதுக்கு ஆண்டுதோறும் எட்ட வேண்டும். 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள்; எண்ணிக்கை இன்னும் சரிந்தால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்க நேர்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகு, பள்ளியை வேறிடத்துக்கு மாற்றும்படி விண்ணப்பிப்பதா, வேன் ஏற்பாடு செய்து பிள்ளைகளை அழைத்துவருவதா என்ற முடிவைத் தலைமையாசிரியர் ஒருவரால் எடுக்க இயலாது. அவர் மாற்றலாகிப் போய்விடுவார், வாரியம் ஊரோடு இருக்கும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் ஆசிரியைக்கும் நன்றி. இன்று காலை செயலாளரை அழைத்து நிலத்தின் கிராண்ட் நகலையும், கடைசி மூன்று ஆண்டுக் கணக்கையும், முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கேட்டிருக்கிறேன். கணக்கு இருக்கிறதாம். கிராண்டைத் தேட வேண்டும் என்றார். சனிக்கிழமை அலுவலக அலமாரியைத் திறந்து பார்க்கும்போது நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.