சாம்பிள் போதும், கிட்டார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஆறுதந்தி:
மிடிவாசி நேற்று எழுதியது இது: "எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது இனி வீண். நல்ல சாம்பிள் தொகுப்பு, அதாவது ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்து வைத்த கிட்டார் ஒலிகள், ஒன்று இருந்தால் போதும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன். விரல் நுனி காய்த்து, உரிந்து, மறுபடி காய்த்த கை இது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். முதல் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் ஐந்தாம் கட்டத்தை, அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ். இரண்டாம் தந்தியில் 8ஆம் ஃப்ரெட், 392 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து மீட்டி, இரண்டாம் தந்தியை மட்டும் தள்ளி 440க்கு ஏற்றுங்கள். யூனிசன் பெண்டிங். ஆம்பைத் திணறவைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் இரண்டு சுருதியும் நெருங்க நெருங்க உள்ளே ஓர் உறுமல் கிளம்பும். அதன் துடிப்பு வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, கடைசியில் நின்று ஒரே குரலாகிவிடும். இதைச் சாம்பிளில் செய்து காட்டுங்கள்.

மிடிவாசி:
இவ்வளவுதானா? கணினிக்கு எந்த ஸ்வரத்தை எப்படி ஒலிப்பது என்று சொல்லும் மிடியில் இரண்டு சேனல். ஒன்றில் நிற்கும் ஸ்வரம், இன்னொன்றில் பெண்டிங். இரண்டுமே டிஐ சாம்பிள், அதாவது ஆம்ப் வழியாகப் போகாத சுத்தமான பதிவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருளான ஒரே ஆம்ப் பிளக்இன்னுக்குள் அனுப்பினால் நீங்கள் சொல்லும் உறுமல் அப்படியே வரும். பத்து நிமிட வேலை. பதினெட்டு வருடம் தேவையில்லை.

ஆறுதந்தி:
பத்து நிமிடமா? என் கையில் அது ஒரு நொடி. 1983இல் வந்த மிடியில் பிட்ச் பெண்ட் என்பது சேனல் முழுவதற்கும் பொது. ஒரு ஸ்வரத்தை வளைத்தால் அந்தச் சேனலில் உள்ள எல்லாமே வளையும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு சேனல் வேண்டியிருக்கிறது. கிட்டாரில் எனக்கு இரண்டு விரல் போதும்.

கருப்புக்கட்டை:
2018லேயே எம்பிஇ வந்துவிட்டது. ஸ்வரத்துக்கு ஒரு சேனல், தனித்தனி பெண்ட். அதற்கு முன்பே கிட்டார் சின்த் வைத்திருந்தவர்கள் தந்திக்கு ஒரு சேனலாக வாசித்தார்கள். இன்னும் 1983இலேயே நின்றால் எப்படி?

ஆறுதந்தி:
சரி, சேனல் பிரச்சினை தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். சாம்பிளை இரண்டு அரைச்சுரம் ஏற்றும்போது என்ன நடக்கிறது? ஒலியைச் சுமார் 12 சதவீதம் வேகமாக ஓட்டுகிறீர்கள். தந்தியோடு சேர்ந்து, மீட்டும் பிக் உரசிய சத்தமும், மரத்தின் அதிர்வும், விரல் நழுவிய ஒலியும் எல்லாமே மேலே போகும். நிஜக் கிட்டாரில் தந்தியின் இழுவிசை மட்டும்தான் ஏறும். மரம் மரமாகவே இருக்கும். இந்த வித்தியாசம் உங்கள் காதில் விழவில்லை என்றால் அது கிட்டாரின் குற்றம் இல்லை.

சுவரொலி:
ஒரு சந்தேகம். நிஜக் கிட்டார் ஒலி என்று எதைச் சொல்கிறோம்? தந்தியின் ஒலியையா, அதன் அதிர்வை வாங்கும் பிக்கப்பில் பிறக்கும் மின்சாரத்தையா, ஆம்பிலிருந்து வருவதையா, மைக் வைத்துப் பதிந்த பிறகு கேட்பதையா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

மிடிவாசி:
ஆறுதந்தி, பெண்டிங்கின்போது பிக் சத்தம் மேலே போகிறது என்கிறீர்களே, தந்தியைத் தள்ளும் நேரத்தில் பிக் சத்தம் எப்போதோ முடிந்திருக்கும். நிஜமாகப் பதிந்த பெண்டிங் சாம்பிள்களே பல தொகுப்புகளில் தனியாக உண்டு. உண்மையான கிட்டார் கலைஞர் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃப்ரெட்டையும், ஒவ்வொரு தந்தியையும், மெல்லவும் அழுத்தியும், உள்ளங்கையால் தந்தியை அமுக்கும் பாம் மியூட்டோடும் இல்லாமலும் வாசித்துப் பதிந்தது அது. அதைப் பொம்மை மாதிரி பேசுவது அவரையும் அவமதிப்பதுதான்.

ஆறுதந்தி:
அவர் வாசித்தார், சரி. நீங்கள் வாசிக்கவில்லையே! அதுதான் என் பேச்சு. அவர் பதிந்த பெண்டிங் எவ்வளவு வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில்தான் உங்களுக்கும் ஏறும். பாட்டில் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி ஏற வேண்டும் என்றால்? 440க்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தி, துடிப்பை நொடிக்கு இரண்டாக வைத்து, அழவிட்டு, அப்புறம் தொட வேண்டும் என்றால்? யூனிசன் பெண்டிங்கைக் காட்டுங்கள் என்றேன். இன்னும் காட்டவில்லை.

பழையஆம்ப்:
நீங்கள் இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருக்கிறீர்கள். ஆறுதந்தி, போன மாதம் நீங்களே எழுதியது ஞாபகம் இருக்கிறதா? கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப் சிமுலேட்டரில், ஹெட்ஃபோனில் வாசிப்பதாக. அது என்ன நிஜம்? வால்வ் ஆம்ப் முன்னால் நின்று, ஸ்பீக்கரின் காற்று தந்தியை அடித்து, தந்தி மறுபடி பிக்கப்பை எழுப்பி, ஸ்வரம் அணையாமல் நின்று கத்தும் பாருங்கள், ஃபீட்பேக், அது ஹெட்ஃபோனில் எங்கிருந்து வரும்? அது இல்லாமல் எலக்ட்ரிக் கிட்டார் பாதிக் கிட்டார்தான்.

மிடிவாசி:
இதைத்தான் எதிர்பார்த்தேன்! ஆறுதந்தி வாசிப்பதில் பாதி கணினி. அவருக்கு அது கலை, எனக்கு மட்டும் அது ஏமாற்று வேலை.

ஆறுதந்தி:
ஆம்ப் என்பது தந்திக்குப் பிறகு வருவது. பிக் எங்கே படுகிறது, எவ்வளவு அழுத்தம், எந்த விரல், எல்லாம் அதற்குள் போகும் முன்பே முடிந்துவிடுகிறது. தந்தியின் நடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மானிக்ஸ், அதாவது கூடவே ஒலிக்கும் மேல் சுருதிகள், மங்கிப்போகும், தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கம் போகப் போக ஒலி கூராகும். ஒரே வரிக்குள் கையை நகர்த்தி நான் அதை மாற்றிக்கொண்டே இருப்பேன். சிமுலேட்டர் அதை எனக்காகச் செய்யவில்லை. வீட்டில் குழந்தை தூங்குகிறது, அதனால் ஹெட்ஃபோன். பழையஆம்ப் அவர்களே, உங்களுக்கு என் மேல் டிரம்ஸ் விவாதத்திலிருந்தே கோபம். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பழையஆம்ப்:
டிரம்ஸ் விவாதத்தில் நான் சொன்னது சரிதான். அதை நீங்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம்ஃப்ரெட்:
எல்லோரும் 'கிட்டார்' என்று எழுதுகிறீர்கள். 'கித்தார்' என்பதுதான் தமிழ் வாயில் இயல்பாக வரும். 'ட்டா' எங்கிருந்து வந்தது?

கருப்புக்கட்டை:
ஆங்கிலத்திலிருந்து வந்தது. எல்லோரும் கிட்டார் என்றுதான் பேசுகிறோம், அப்படியே எழுதுகிறோம். இதற்கும் பேசும் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம்ஃப்ரெட்:
சம்பந்தம் இருக்கிறது. கருவியின் பெயரையே சரியாக எழுத மனமில்லாதவர்கள் அதன் ஒலியைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறீர்கள்.

ஆறுதந்தி:
பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். நான் யூனிசன் பெண்டிங்கைக் கேட்டேன். நேரடியாக வாசித்த ஒரே டேக். எலிப்பொத்தானால் கோடு வரைந்து திருத்தியது வேண்டாம்.

மிடிவாசி:
வரையக்கூடாது என்று சட்டம் போட நீங்கள் யார் தம்பி? கேட்பவர் காதுக்குப் போவது ஒலி மட்டும்தான். அதை வரைந்தேனா வாசித்தேனா என்று அவர் கேட்க மாட்டார். இன்னொன்றும் சொல்கிறேன், பதில் வைத்திருங்கள். உங்களிடம் இருப்பது ஸ்பிரிங்கில் நிற்கும் மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதில் ஒரு தந்தியைத் தள்ளினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். அப்படியானால் நிற்க வேண்டிய உங்கள் 440, 440இல் நிற்கவே இல்லை. நீங்கள் உயிரைக் கொடுத்துப் பேசும் யூனிசன் பெண்டிங் உங்கள் கிட்டாரிலேயே சுருதி தப்புகிறது. என் இரண்டு சேனலில் தப்பாது.

ஆறுதந்தி:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு நாற்பத்தொன்று.

பிரிட்ஜ் சாயும், மற்ற தந்தி இறங்கும், உண்மை. இறங்குவதைக் காது கேட்டு, நிற்கும் தந்தியையும் ஒரு துளி தள்ளி ஈடுகட்டும் கை எனக்கு இருக்கிறது. முதல் இரண்டு வருடம் வரவில்லை. ஒரு நாள் வந்தது. இரண்டு தந்தியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏறும் அந்தப் போராட்டம்தான் ஒலியில் கேட்கிறது. உங்கள் சேனல் ஒன்றுக்கு, சேனல் இரண்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

சுவரொலி:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நிஜ ஒலி எது?

இளவேனில்:
நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இடது கையில் நரம்பு பாதித்து அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று விரல் முழுதாக மடங்காது. அதற்கு முன் ஒன்பது வருடம் வாசித்தேன். கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டேன், விற்க மனம் வரவில்லை. இன்று சாம்பிள் வைத்துத்தான் பாட்டு எழுதுகிறேன். ஆறுதந்தி சொல்லும் அந்த உறுமல் எனக்குத் தெரியும், அது சாம்பிளில் முழுதாக வருவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் மனதில் இருக்கும் வரியை வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி இல்லை. 'வாசிக்கவில்லையே' என்று பொதுவாகச் சொல்லும்போது வலிக்கிறது.

ஆறுதந்தி:
இளவேனில், உங்களை நினைத்து நான் எழுதவில்லை. உங்கள் நிலை வேறு. இருக்கும் கையை வைத்துக்கொண்டு கிட்டாரே வீண் என்பவர்களோடுதான் என் சண்டை. நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்த உறுமல் சாம்பிளில் வருவதில்லை என்று. மிடிவாசி இதையாவது படிக்கட்டும்.

மிடிவாசி:
அவர் வலியைக்கூட உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்களே! அவர் 'முழுதாக' என்று எழுதினார். அந்தச் சொல்லை விட்டுவிட்டீர்கள்.

கருப்புக்கட்டை:
ஆறுதந்தி பேசுவது பழைய சாம்பிளைப் பற்றி என்று நினைக்கிறேன். டிஸ்டார்ஷனை ஏற்கனவே ஏற்றிப் பதிந்த தனித்தனி ஸ்வரங்களை அடுக்கினால் உறுமல் வராதுதான். 110 ஹெர்ட்ஸையும் 165 ஹெர்ட்ஸையும் சேர்த்து ஆம்பைத் திணறவைத்தால் அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் பிறக்கும். இப்படி இரண்டு ஸ்வரம் சேர்ந்த பவர் கார்டின் கனமே அதில்தான் இருக்கிறது. தனித்தனியாகத் திணறவைத்துப் பிறகு கூட்டினால் அந்த 55 பிறக்காது. இன்றைய டிஐ சாம்பிளில் ஸ்வரங்கள் முதலில் கூடி, அப்புறம்தான் ஆம்புக்குப் போகின்றன. அங்கே பிறக்கும்.

ஆறுதந்தி:
1991இல் கருவி ஒலிகளுக்கு எண் கொடுத்த ஜெனரல் மிடி பட்டியலில் 31ஆம் எண்ணாக டிஸ்டார்ஷன் கிட்டார் வந்தது. அந்தக் கொசு ரீங்காரத்தைக் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னார்கள், இனி கிட்டார் வேண்டாம் என்று.

கருப்புக்கட்டை:
நான் 55 ஹெர்ட்ஸ் பற்றிச் சொன்னேன். நீங்கள் 1991க்குப் போய்விட்டீர்கள். எம்பிஇ பற்றிச் சொன்னபோது 1983இலிருந்து நழுவியதும் இதே மாதிரிதான்.

பழையஆம்ப்:
55 பிறந்தாலும் அது ஹெட்ஃபோனில் பிறக்கிறது. நெஞ்சில் அடிக்காது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் முன்னால் நின்றவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம்ஃப்ரெட்:
கித்தார்.

மிடிவாசி:
நான் யூனிசன் பெண்டிங்கைச் செய்து பதிந்துவிட்டேன். எம்பிஇ கீபோர்டில் இரண்டு விரலால் நேரடியாக வாசித்தது, ஒரே டேக், ஒரு கோடுகூட வரையவில்லை. கேட்டேன், நன்றாக இருக்கிறது. உங்கள் பதிவையும் கொடுங்கள். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் எல்லோருக்கும் போட்டுக்காட்டுவோம். தயாரா?

ஆறுதந்தி:
கீபோர்டில் வாசித்தால் அது கீபோர்டு வாசிப்பு. நான் கேட்டது கிட்டாரின் பெண்டிங்.

மிடிவாசி:
முதலில் செய்து காட்டு என்றீர்கள். அப்புறம் ஒரே டேக் என்றீர்கள். இப்போது கீபோர்டு ஆகாது. தயாரா இல்லையா?

ஆறுதந்தி:
என் பதிவு வரும். தந்தி மாற்ற வேண்டும், இப்போது இருப்பது மூன்று மாதப் பழசு, ஒலி மங்கிவிட்டது. ஆனால் கேட்பவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் என் கேள்வி அப்படியே இருக்கும். நிற்கும் தந்தி எங்கே இறங்கியது? அதை எந்த விரல் தூக்கியது? உங்கள் பதிவில் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

மிடிவாசி:
சாம்பிளில் மங்கும் தந்தியே இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறுதந்தி:
குறித்துக்கொண்டேன். நிற்கும் தந்தியைக் காட்டுங்கள்.